60 சென்ரிமீற்றருக்கு அப்பால் ஓர் அடிவானம்

மருதானையில் இரண்டு தொழில்கள் நூறு வருடத்துக்கும் மேலாக அயலவர்களாக இருந்து வந்திருக்கின்றன. ஒன்று ரயில். கோட்டையிலிருந்து மலைநாட்டுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிற எந்த ரயிலும் மருதானையைக் கடந்துதான் போகவேண்டும். களனிவெளிப் பாதை பிரிவதும் இங்கேதான். மற்றது தீட்டிய திரை. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், பஞ்சிகாவத்தையில், 1911 டிசம்பரில் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. பம்பாய்ப் பார்சி நாடகக் கம்பனிகள் இலங்கைக்குக் கொண்டுவந்த மேடைமுறையை ஒட்டி வளர்ந்த நூர்த்தி நாடகங்கள் அங்கே ஆடப்பட்டன. எல்பின்ஸ்டன் அரங்கும் இதே மருதானையில்தான். அந்த நாடகங்களில் காடு, அரண்மனை, கடைத்தெரு எல்லாம் மேலிருந்து சுருள் பிரிந்து இறங்கும் துணித் திரைகளில் இருந்தன. பௌத்த அச்சுப் படங்களால் சிங்கள வீடுகளுக்குள் நுழைந்த எம். சார்லிஸ், நாடகத் திரைகளும் வரைந்தவர். தமிழகத்தில் காலண்டர் ஓவியத்துக்குப் பேர்போன சி. கொண்டையராஜுவும் (1898–1976) ஒரு நாடகக் கம்பனிக்குத் திரை தீட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்தான். கம்பனி கலைந்த பிறகே கோவில்பட்டியில் தங்கினார்.

இந்த இரண்டு தொழில்களும் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு. அது மாதிரி ரயில் தளத்தின் பின்திரை.

மாதிரி ரயில் தளம் என்பது தரையில் வட்டம் சுற்றும் விளையாட்டு ரயில் அல்ல. ஒரு நிலப்பகுதியை, அதன் நிலையத்தோடும் பாலத்தோடும் மரங்களோடும், ஒரே விகிதத்தில் சுருக்கி ஒரு பலகையில் எழுப்புவது. உலகில் மிகப் பரவலான அளவு எச்ஓ. 87இல் ஒரு பங்கு. பூனாவில் 1998இல் திறந்த ஜோஷி குட்டி ரயில் அருங்காட்சியகத்தில் இத்தகைய ஒரு நகரத்தையே காணலாம். எங்கள் ரயிலைச் செய்பவருக்கு ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இலங்கையின் அகலப்பாதை 1,676 மில்லிமீற்றர். 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரும். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். பெரும்பாலானோர் அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு மேலே போகிறார்கள். அதுவே சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். தண்டவாளத்தின் மூன்று மில்லிமீற்றர் பிழையைக் கண் மன்னித்துவிடும். அடிவானத்தின் பிழையை அது மன்னிக்காது.

எச்ஓ அளவில் ஒரு கிலோமீற்றர் என்பது பதினொன்றரை மீற்றர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடி வீட்டில், சுவரோரமாக, வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் கிடைக்கக்கூடிய அகலம் 60 சென்ரிமீற்றர். உண்மை உலகில் அது 52 மீற்றர். இரண்டு தண்டவாளம், ஒரு மேடை, ஒரு வேலி, அதன் பின்னால் ஒரு வரிசை மரம்; அவ்வளவுடன் நிலம் முடிந்துவிடும். அதற்கப்பால் இருக்கவேண்டிய வயல், மலை, கடல், வானம் அத்தனையும் ஒரு தட்டைப் பலகையில் வர்ணமாகத்தான் இருக்கமுடியும். நாடகத் திரையின் நோக்கம் வேறு. திரை இறங்கியதும் சபை ஒருகணம் அதைப் பார்த்து வியக்கவேண்டும். ரயில் தளத்தின் பின்திரையை யாராவது வியந்து பார்த்தால் அது தோற்றுவிட்டது என்று பொருள். பார்ப்பவர் ரயிலைப் பார்க்கவேண்டும். அந்த ரயில் ஒரு பெரிய உலகத்துக்குள் ஓடுகிறது என்று அவர் தன்னையறியாமல் நம்பவேண்டும். அந்த நம்பிக்கையை உண்டாக்குவதில் ஓவியத் திறமையை விடக் காற்றின் இயல்பும் கண்ணின் இயல்பும் அதிகம் வேலை செய்கின்றன.

அடிவானம் எங்கே?

காலிமுகத் திடலில் நின்று கடலைப் பாருங்கள். கடலும் வானும் தொடும் கோடு உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். பத்தாவது மாடிக்கு ஏறிப் பாருங்கள். கோடும் கூடவே ஏறி மறுபடி கண் மட்டத்திலேயே வந்து நிற்கும். அடிவானம் நிலத்துக்குச் சொந்தமானதல்ல, பார்ப்பவருக்குச் சொந்தமானது. பின்திரை வடிவமைப்பின் முதல் விதி இதுதான்; தளம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான்.

சாப்பாட்டு மேசையின் உயரம் 75 சென்ரிமீற்றர். அதில் தளத்தை வைத்து, நின்றபடி 160 சென்ரிமீற்றர் உயரத்துக் கண்ணால் பார்த்தால், கண் தண்டவாளத்துக்கு 85 சென்ரிமீற்றர் மேலே இருக்கிறது. 87ஆல் பெருக்கினால் 74 மீற்றர். இருபது மாடிக்கு மேலான ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து மருதானையைப் பார்ப்பதற்குச் சமம் அது. அந்த உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு அடிவானமும் தண்டவாளத்துக்கு 85 சென்ரிமீற்றர் மேலேதான் வரவேண்டும். ஆக, 45 சென்ரிமீற்றர் உயரமான ஒரு பின்திரையில், கணக்குப்படி, வானத்துக்கே இடமில்லை. முழுவதும் நிலமாகத்தான் இருக்கவேண்டும். நாமோ அதில் பாதிக்கு மேல் நீலம் பூசிவிட்டு, ஏன் மலை அட்டையில் வெட்டியது போலத் தெரிகிறது என்று யோசிக்கிறோம்.

இதற்குத் தூரிகையால் தீர்வில்லை. தச்சு வேலையில்தான் தீர்வு. தளத்தை 105 சென்ரிமீற்றருக்கு உயர்த்தி, முன்னால் ஒரு கதிரையைப் போட்டுவிட வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் கண் ஏறத்தாழ 120 சென்ரிமீற்றரில் இருக்கும். வித்தியாசம் 15 சென்ரிமீற்றர். உண்மை அளவில் 13 மீற்றர். நாலாம் மாடிப் பல்கணியிலிருந்து ரயில் பாதையைப் பார்க்கிற உயரம் அது. வெள்ளவத்தையில் கடலோரம் குடியிருப்பவர்களுக்கு நன்றாகப் பழகிய காட்சி. அடிவானக் கோட்டை 15 சென்ரிமீற்றரில் போட்டு, அதற்கு மேல் 45 சென்ரிமீற்றர் வானம் விட்டால் பொருந்திவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே உயரமல்ல என்பது உண்மைதான். சந்தேகம் வந்தால் கோட்டைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், உயர்த்த வேண்டாம். தாழ்ந்த அடிவானத்தைக் கண் மூட்டம் என்று எடுத்துக்கொள்ளும். உயர்ந்த அடிவானமோ நிலத்தை முன்பக்கம் சாய்த்துவிடும்.

காற்றின் நிறம்

தூரத்து மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம் மலை அல்ல. நமக்கும் அதற்கும் இடையில் இருக்கும் காற்று. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் நான்காம் அடுக்கில் கூடும் என்பதை ரேலி பிரபு 1871இல் காட்டினார். 450 நானோமீற்றர் நீல ஒளி, 650 நானோமீற்றர் சிவப்பு ஒளியை விட நாலு மடங்குக்கும் மேலாகச் சிதறுகிறது. இருண்ட காட்டு மலைக்கு முன்னால் இருக்கும் காற்று இந்த நீலத்தை நம் கண்ணுக்குள் அனுப்புகிறது. தூரம் கூடினால் இடையில் காற்றும் கூடும். மலையிலிருந்து வரும் ஒளி குறையும், காற்றிலிருந்து வரும் ஒளி ஏறும்.

இதை அளந்து சொன்னவர் ஜேர்மானியரான கோஷ்மீடர். 1924இல் அவர் எழுதிய சமன்பாடுதான் இன்றும் வானிலை நிலையங்களின் பார்வைத் தூரக் கணக்குக்கு அடிப்படை. பின்திரை தீட்டுகிறவருக்கு அது ஒரு வர்ணக் குறிப்பாகவே பயன்படும். 20 கிலோமீற்றர் வரை பார்வை எட்டுகிற ஒரு நாளை எடுத்துக்கொண்டால், 2 கிலோமீற்றரில் உள்ள மேட்டின் எடுப்பில், அதாவது பின்னாலுள்ள வானத்திலிருந்து அது வேறுபட்டுத் தெரியும் அளவில், மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். 5 கிலோமீற்றரில் நூற்றுக்கு 38. 10 கிலோமீற்றரில் ஏழில் ஒரு பங்கு. மீதி முழுவதும் அடிவான வானத்தின் நிறம். ஆகவே முதலில் கலக்கவேண்டியது பச்சையும் அல்ல, நீலமும் அல்ல, அடிவான நிறம்தான். ஒரு பெரிய வாளியில் அதைக் கலந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மலைவரிசைக்கும் உரிய பச்சையில் அதை அளவாகச் சேர்க்கவேண்டும். குழம்பில் தேங்காய்ப்பால் விட விட நிறம் வெளிறுவது போல வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்கும். ஒளி கூடுவதும் வர்ணக் கூழ் கலப்பதும் ஒரே கணக்கில் நடப்பதில்லை என்பதால், பங்குகளைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு கண்ணால் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனாலும் அந்த எண்கள் கையில் இருந்தால் மனிதர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு நேராது. தூரத்தை நாம் எல்லோரும் தேவைக்கு மேல் கடுமையான நிறத்தில்தான் தீட்டுகிறோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பின்திரை பற்றிய கைநூல்கள் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகின்றன. அவற்றின் வானம் அந்த நாடுகளின் வானம். கொழும்பின் காற்று வேறு. கடலலை உடைந்து எழும் உப்புத்துகள்கள் இந்தக் காற்றில் எப்போதும் இருக்கின்றன. ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு நீரை இழுத்துக் கரைந்து நுண்துளியாகிவிடும். கொழும்பில் அந்த அளவு அடிக்கடி தாண்டப்படுகிறது. இந்தத் துளிகள் மூலக்கூறுகளை விட மிகப் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கும். அதனால் எங்கள் அடிவானம் நீலமாக இல்லாமல் வெண்மையாக, சில நாட்களில் பால் மங்கலாக இருக்கிறது. வானத்தில் மேலே போகப் போகத்தான் நீலம் வரும். ஒரு மீற்றர் தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, அடிவானத்துக்கு மேலுள்ள 45 சென்ரிமீற்றர் என்பது வானத்தின் அடி 24 பாகை மட்டுமே. உச்சி வானத்தின் ஆழ்ந்த நீலத்துக்கு அங்கே இடமே இல்லை. மேல் விளிம்பில் மிதமான நீலம், கீழே வெண்மை. அதற்கு மேல் எதையும் சேர்த்தால் அது வேறு ஊரின் வானமாகிவிடும்.

முகிலுக்கும் இப்படித்தான். தரையருகே காற்றின் வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 125 மீற்றர் என்று கணக்கிட்டால் திரள் முகிலின் அடித்தளம் கிடைக்கும். வெயில் நேரக் கொழும்பில் அது 700 மீற்றர் அளவில் வரும். அடித்தளம் 24 பாகையில் தெரியும் முகில் நம்மிடமிருந்து ஒன்றரைக் கிலோமீற்றரில் நிற்கிறது. 5 பாகையில் தெரிவது 8 கிலோமீற்றரில். எல்லா முகிலுக்கும் அடி ஒரே உயரத்தில் தட்டையாக இருப்பதால், அடிவானத்தை நெருங்க நெருங்க அவை சிறுத்து, நெருங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது போலத் தெரியும். பஞ்சுப் பொதிகளைச் சம அளவில் வானமெங்கும் தூவினால் இந்த ஆழம் போய்விடும். முகில் குறைவாக இருப்பது நல்லது. இல்லாமலே இருந்தாலும் குற்றமில்லை.

வெள்ளவத்தையின் ஒற்றைக் கோடு

கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கரையோரப் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. மாதிரித் தளத்துக்கு இதைவிட வாய்ப்பான காட்சி இலங்கையில் இல்லை. தண்டவாளத்துக்கு அப்பால் கருங்கல் அணை, அதற்கப்பால் கடல். நிலம் தானாகவே சில மீற்றருக்குள் முடிந்துவிடுகிறது. பின்திரையில் வரவேண்டியது ஒரு நேர்கோடு மட்டுமே. அதனாலேயே இது மிகக் கடினமானது. மலையில் ஒரு சிறு பிழையை மரத்தால் மறைக்கலாம். கடலின் கோடு இரண்டு மில்லிமீற்றர் சாய்ந்தாலும் அறை முழுவதும் சாய்ந்ததாகத் தோன்றும். நீர்மட்டக் கருவியை வைத்து, மறைப்பு நாடா ஒட்டி, அதற்குக் கீழே தீட்டுவதுதான் வழி. நாடாவை எடுத்தபின் கோட்டின்மேல் அடிவான நிறத்தை மிக மெல்லிதாக ஒரு தடவை இழுத்துவிட்டால் கத்தி வெட்டுப் போன்ற கூர்மை தணியும்.

தூரத்துக் கடல் ஏன் அதன்மேல் உள்ள வானத்தை விட இருண்டிருக்கிறது? அமைதியான நீர் கண்ணாடி போலிருந்தால் அடிவானத்து வெண்மையையே காட்டும். கடலும் வானும் பிரிந்தே தெரியாது. அலைகள் இருப்பதால் நம் பக்கம் சாய்ந்த அலைமுகங்களே அதிகம் கண்ணில் படுகின்றன. அவை அடிவானத்தையல்ல, அதற்கு வெகு மேலேயுள்ள நீலமான வானத்தைப் பிரதிபலிக்கின்றன. எனவே கோட்டின் கீழே ஒரு சாம்பல் கலந்த நீலப் பட்டை, கரையை நோக்கி வர வரப் பசுமை, கல்லணையில் வெண்ணுரை. இந்த வரிசை மாறக்கூடாது.

கொழும்புத் துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கப்பல்கள் இந்தக் காட்சியின் உயிர். 300 மீற்றர் நீளமான கொள்கலன் கப்பல் ஒன்று 15 கிலோமீற்றரில் நிற்பதாக வைத்துக்கொண்டால், கண்ணிலிருந்து ஒரு மீற்றரில் உள்ள திரையில் அது 2 சென்ரிமீற்றர் வரும். அதை அடிவானத்தை விடச் சற்றே அழுத்தமான சாம்பலில், ஒரே நிறத்தில், விபரம் எதுவுமில்லாமல் வைத்தால் போதும். சாளரமும் கொடியும் வரையத் தொடங்கினால் கப்பல் கரைக்கு வந்துவிடும்.

வெள்ளவத்தை என்றதும் எல்லோருக்கும் சூரிய அஸ்தமனம் தீட்ட ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். செம்மஞ்சள் வானத்துக்கு முன்னால் ரயில் கரும் நிழலுருவாக நிற்கவேண்டும். உங்கள் விளக்கோ முன்னாலிருந்து அதன்மேல் பளிச்சென்று விழுகிறது. வெளிச்சம் இரண்டு திசையிலிருந்து வருவதைக் கண் உடனே பிடித்துவிடும்.

கடுகண்ணாவையும் ஆனையிறவும்

மருதானையின் பழைய கொழும்பு டேர்மினஸ் கட்டடத்தில் 2009இல் ஒரு ரயில் அருங்காட்சியகம் தொடங்கியது. இலங்கை ரயிலின் 150ஆவது ஆண்டில், 2014 டிசம்பரில், அதற்குப் பதிலாகக் கடுகண்ணாவையில் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இடம் பொருத்தமானது. 1867இல் கண்டிக்கு ரயில் போய்ச் சேர்வதற்கு வெல்லவேண்டியிருந்த ஏற்றம் இதுதான்: 45 அடிக்கு ஓரடி எழும் பாதை. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கின் அப்பால் அடுக்கடுக்கான மலைகள், அவற்றின் நடுவே பைபிள் பாறை என்று வழங்கும் பத்தலேகலவின் தட்டையான உச்சி. இப்படிப்பட்ட காட்சியில் பின்திரை தன் முழுப் பலத்தையும் காட்டலாம். ஏனெனில் பள்ளத்தாக்கு விளிம்பில் பலகை முடிந்துவிடுகிறது. நிலமும் திரையும் தொட்டுக்கொள்ளும் இடம் பார்ப்பவருக்குத் தெரிவதே இல்லை. ஐந்து வரிசை மலை போதும். முதல் வரிசையில் மட்டும் தென்னையும் பலாவும் கித்துளும் உருவமாகத் தெரியலாம். இரண்டாவதில் மரத்தலைகளின் மேடுபள்ளம். மூன்றாவதிலிருந்து விளிம்புக் கோடு மட்டும். தேயிலையை இங்கே கொண்டுவர வேண்டாம். அந்த வாரிவிட்ட பச்சை அட்டன், தலவாக்கலைப் பக்கத்துக்கு உரியது.

ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் உள்ள பட்டிப்பொல போன்ற இடத்தைச் செய்கிறவருக்கு மூடுபனி பெரிய துணை. பார்வை அரைக் கிலோமீற்றராகச் சுருங்கிய ஒரு காலையில், வெறும் 50 மீற்றருக்குள்ளேயே எடுப்பில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். நமது 60 சென்ரிமீற்றர் பலகையின் ஆழம் அவ்வளவுதானே. ஆகவே திரை மட்டும் வெளிறினால் போதாது. பலகையின் பின்வரிசையில் நடும் மாதிரி மரங்களும் முன்வரிசையை விட வெளிறியிருக்க வேண்டும். அடிவான நிற வாளியில் தூரிகையைத் தோய்த்து, துணியில் ஒற்றிவிட்டு, மரத்தலைகளில் மெல்லத் தட்டினால் அது கிடைக்கும்.

வடக்கு முற்றிலும் வேறு. 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில் ஆனையிறவைக் கடக்கும்போது இருபுறமும் நீரேரி, உப்பளம், வெளி. மலையே இல்லாத இந்த இடத்தில் ஆழத்தைக் காட்டுவது பனைகள்தான். 20 மீற்றர் பனை எச்ஓ அளவில் 23 சென்ரிமீற்றர். பலகையின் முன்னோரத்தில் இரண்டோ மூன்றோ முழுப் பனைகளை உருவமாக நட்டு, பின்திரையில் அரைச் சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு பனந்தோப்பு வரிசையை வெளிறிய சாம்பல் பச்சையில் இழுத்தால், கண் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். எங்களுக்குப் பனையின் உயரம் தெரியும். தெரிந்த உருவம் சிறுத்துத் தெரிவதைவிட வலுவான தூரக்குறி வேறொன்றுமில்லை.

மருதானையையே செய்ய விரும்புகிறவருக்கு மலையும் கடலும் உதவாது. அங்கே பின்னால் இருப்பது நகரம். கட்டடங்களைச் சாய்வாக, ஓரிடத்தில் குவியும் கோடுகளுடன் தீட்டினால் அந்தக் குவிவு ஒரே ஓர் இருக்கைக்குத்தான் சரியாக இருக்கும். தலையை இரண்டு அடி நகர்த்தினால் கட்டடம் வளைந்துவிடும். நாடக அரங்குகளிலும் இதே பிரச்சினை உண்டு. நடு இருக்கைக்காரருக்கு நேராகத் தெரியும் அரண்மனைத் தூண்வரிசை ஓரத்து வாங்கில் இருப்பவருக்குக் கோணலாகத் தெரியும். ஆகவே கட்டட முகப்புகளை நேர்முகமாக மட்டும் தீட்டுங்கள். முன்னால் சில முகப்புகளை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் உருவமாகவே செய்து ஒட்டுங்கள். திரையை நோக்கி ஓடும் தெருவைத் தவிர்க்க முடியாவிட்டால் ஒரு மேம்பாலத்தின் அடியிலோ மதிலின் பின்னாலோ அதை வளைத்துக் காணாமல் போக்குங்கள்.

இரண்டு கண்ணை நம்பவைப்பது

கைத்தொலைபேசியில் எடுத்த படத்தில் அருமையாகத் தெரியும் தளம், நேரில் பார்த்தால் ஏன் ஏமாற்றுகிறது? கமராவுக்கு ஒரு கண். நமக்கு இரண்டு. கண்களுக்கு இடையே ஆறேகால் சென்ரிமீற்றர். எச்ஓ உலகில் அது ஐந்தரை மீற்றர். அந்தச் சின்ன உலகத்தை நாம் ஐந்தரை மீற்றர் இடைவெளியில் கண் வைத்த ஒரு பூதமாகப் பார்க்கிறோம். ஒரு மீற்றர் தூரத்தில் இரண்டு மில்லிமீற்றர் ஆழ வித்தியாசத்தைக் கூட நல்ல பார்வை உள்ளவர் உணர்ந்துவிடுவார். திரை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது இந்தக் கண்களுக்கு மிக எளிது.

ஆனால் அதற்கு ஒரு பிடி வேண்டும். இடது கண்ணில் விழும் ஒரு புள்ளியையும் வலது கண்ணில் விழும் அதே புள்ளியையும் பொருத்தித்தான் மூளை தூரத்தை அறிகிறது. புள்ளியே இல்லாத வழுவழுப்பான நிற மாற்றத்தில் பொருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அப்போது வானம் எவ்வளவு தூரம் என்று கண்ணால் சொல்லமுடியாது. மூளை அதை வானமாகவே ஏற்றுக்கொள்ளும். ஒரு தூரிகைக் கீறல், பலகைகளின் மூட்டு, சுவர் மூலையின் நேர்கோடு, உலராத வர்ணத்தில் ஒட்டிய கொசு, இதில் ஏதாவது ஒன்று போதும் மாயம் உடைய. மூலைகளை 30 சென்ரிமீற்றராவது ஆரம் வைத்து வளைப்பது இதனால்தான். வளைந்த பரப்பில் நேர்கோடுகள் வளைந்து தெரியும் சிக்கலுக்கு, நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் விலங்குக் காட்சிக்கூடங்களின் பின்னணிகளைத் தீட்டிய ஜேம்ஸ் பெரி வில்சன் இரட்டைக் கட்டமுறை ஒன்றை வகுத்தார். புகைப்படத்தில் ஒரு கட்டம்; சுவரில், பார்ப்பவரின் கண் நிலையிலிருந்து கணக்கிட்ட இன்னொரு கட்டம்; ஒன்றிலிருந்து மற்றதற்குப் படத்தை மாற்றுவது. கட்டடக் கலைஞராக இருந்து ஓவியரானவர் அவர். முன்னால் நிற்கும் உண்மைப் புல் எங்கே முடிந்து தீட்டிய புல் எங்கே தொடங்குகிறது என்று அவருடைய காட்சிகளில் விரலை வைத்துக் காட்டுவது கடினம்.

இப்போது விளம்பரப் பதாகை அச்சிடும் கடையில் ஒரு மலைப் புகைப்படத்தைக் கொடுத்து நீளமாக அச்சிட்டுத் தொங்கவிடும் வழக்கம் பரவுகிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் அந்தத் தாள் மினுங்கும். விளக்கு அதில் ஒரு வெள்ளைத் திட்டாகத் தெரியும். படத்தின் அடிவானம் உங்கள் 15 சென்ரிமீற்றரில் நிற்காது. தூரத்து இலைகூடக் கூர்மையாக இருக்கும். கண்களுக்கு ஆயிரம் பிடி கிடைத்துவிடும். பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் அதன்மேல் அடிவான நிறத்தை நீர்த்த பூச்சாக இரண்டு தடவை பூசுங்கள். பழைய நாடகத் திரைக்காரர்கள் தூள் வர்ணத்தை வச்சிரப் பசையில் குறைவாகக் கரைத்துத் துணியில் பூசினார்கள். பசை குறைவானதால் பரப்பு மினுங்காமல் விளக்கொளியை எல்லாப் பக்கமும் சிதறடித்தது. இன்று அதே வேலையை ஹார்ட்வெயார் கடையின் மினுக்கமில்லாத எமல்ஷன் செய்யும். நிறத்தை நிறத்தோடு ஈரத்தில் கரைக்க நேரம் வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் எமல்ஷன் மெதுவாகவே காய்கிறது என்பது இந்த ஒரு வேலைக்கு வசதி. பலகைக்கு அதே ஈரம் எதிரி. எம்.டி.எஃப். பலகை ஊதிவிடும். பெயர்ப்பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் பீ.வீ.சீ. நுரைப்பலகை வளையவும் வளையும், பூஞ்சணமும் பிடிக்காது. சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

விளக்கு முன்புறம் மேலே இருக்கவேண்டும். கடைசி மரவரிசைக்கும் திரைக்கும் இடையில் ஏழெட்டு சென்ரிமீற்றர் வெறுமையாக இருந்தால் மரத்தின் நிழல் வானத்தில் விழாது. எங்கள் சூரியன் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகலில் கொழும்பின் உச்சிக்கு நேரே வருகிறது. மற்ற மாதங்களிலும் மதிய நிழல் குட்டையானதே. ஆகவே திரையிலும் நீண்ட நிழல்கள் வேண்டாம். மரத்தின் அடியிலேயே நிழலைச் சுருட்டி வையுங்கள். நிழலே இல்லாத மழைக்கால மூட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் எளிது, மே முதல் செப்டெம்பர் வரையான கொழும்புக்கு அதுவே உண்மைக்கும் நெருக்கம்.

அந்த விளக்குகளை வர்ணம் கலக்கத் தொடங்குமுன்பே பொருத்திவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சாம்பல்கள் எல்.ஈ.டி. ஒளியில் ஒன்று பச்சையாகவும் ஒன்று ஊதாவாகவும் பிரிந்துவிடும். வர்ணத்தூள்கள் எந்தெந்த அலைநீளத்தைத் திருப்பி அனுப்புகின்றன என்பதும், விளக்கில் எந்தெந்த அலைநீளம் இருக்கிறது என்பதும் சேர்ந்தே நிறம் உண்டாகிறது. 4,000க்கும் 5,000க்கும் இடைப்பட்ட கெல்வின், நிறத்தை உண்மையாகக் காட்டும் குறியீடு 90க்கு மேல் உள்ள விளக்கு என்று கேட்டு வாங்குங்கள். யன்னலை மூடி, அந்த வெளிச்சத்தில், கதிரையில் உட்கார்ந்து, தளத்தில் ஓடப்போகும் எஞ்சினையே முன்னால் நிறுத்திவைத்து அடிவான நிறத்தைக் கலக்கவேண்டும். கலந்ததைத் துண்டுப் பலகையில் பூசிக் காயவிட்டு, எஞ்சினின் பின்னால் பிடித்துப் பாருங்கள். எமல்ஷன் காய்ந்ததும் ஒரு படி இருண்டுவிடும். அதனால் வாளியில் இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்க்கவேண்டியிருக்கும்.